கார்டைக் குறை சொல்ல முதல் அன்ரனாவைப் பாருங்கள்

உடையார்கட்டில் இருந்து ஒரு ரீச்சர் அழைத்தார். "தம்பி, போன மாதம் பூட்டின வைபை கார்ட் செத்துப்போச்சு. புதுசாய் ஒன்று கொண்டு வாங்கோ." மேசைக் கணினிக்குள் செருகி அதற்கு வைபை பிடிக்கவைக்கும் சின்னப் பலகைதான் இந்தக் கார்ட். அது சாவது அபூர்வம். அதனால் புதுக் கார்ட் எதுவும் எடுக்கவில்லை. ஸ்குரூட்ரைவர், ரோச், பழைய பெயின்ற் பிறஸ், பையில் கிடந்த ஒரு காந்த அன்ரனா, போனில் சிக்னல் அளக்கும் அப், இவ்வளவோடு விசுவமடுவில் இருந்து மோட்டார் சைக்கிளில் போனேன்.

முன்னால் வீட்டுத்திட்டத்தில் கட்டிய கல்வீடு. ரவுட்டர் அதன் தெருப்பக்க யன்னலில் இருக்கிறது, 4ஜி சிக்னல் அங்கேதான் பிடிக்கும். முற்றமும் கிணறும் தாண்டிப் பின்னால் மகளுக்காகக் கட்டிய தகரக் கூரை அறை. மகள் அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்தால் அந்த அறையில்தான் இருப்பாள். கணினியும் அங்கேதான். இரண்டுக்கும் இடையில் 15 மீற்றர் வரும்.

முதலில் ரவுட்டரையும் கணினியையும் இணைக்கும் லான் கேபிளைத்தான் மாமரத்தில் கட்டி இழுத்திருந்தார்கள். ஐப்பசி இடி ஒன்றில் ரவுட்டரின் லான் வாயும் கணினியின் லான் வாயும் ஒன்றாகக் கருகின. மின்னல் வீட்டின் மேலேயே விழ வேண்டும் என்றில்லை. பக்கத்து வளவில் விழுந்தாலும் வெளியில் தொங்கும் நீளச் செப்புக் கம்பியில் அழுத்தம் ஏறி, இரண்டு முனையிலும் உள்ளதை அடித்துவிடும். வெட்டவெளியும் ஒற்றைப் பனையுமாகக் கிடக்கும் எங்கள் பக்கத்தில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் வயர் இழுப்பதற்கு நான் இப்போது சம்மதிப்பதே இல்லை. அந்த இடத்துக்கு வைபைதான் சரி.

வாங்க முதல் பெட்டியைத் திறந்து பாருங்கள்

இங்கே பெரும்பாலான வீடுகளில் இருப்பவை கொழும்பில் இருந்து வரும் பாவித்த அலுவலகக் கணினிகள். அலுவலகத்தில் லான் இருந்தது, வைபை தேவைப்படவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் தேவை வருகிறது.

பக்கத் தகட்டைக் கழற்றினால், மதர்போட் எனும் பெரிய பலகையில் பெட்டியின் பின்பக்கத்தை ஒட்டி வரிசையாகப் பிளாஸ்ரிக் வாய்கள் தெரியும். அவைதான் ஸ்லொட். இரண்டரை சென்ரிமீற்றர் நீளத்தில் இருக்கும் குட்டி வாய் பிசிஐ எக்ஸ்பிரஸ், வைபை கார்ட் வருவது அதற்குத்தான். அது இல்லாவிட்டால், அல்லது ஏற்கெனவே நிறைந்திருந்தால், கிராபிக்ஸ் கார்ட் போடும் நீள வாயிலும் அதே சின்னக் கார்டைச் செருகலாம். மீதி வாய் சும்மா கிடக்கும், கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் பழைய பிசிஐ வாய் என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் வெள்ளையாக, எட்டரை சென்ரிமீற்றர் நீளத்தில் இருக்கும். அதில் இன்றைய கார்ட் ஏறாது. கிராபிக்ஸ் வாய் 9 சென்ரிமீற்றர். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆகவே போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அடுத்தது பெட்டியின் உயரம். அலுவலகக் கணினிகளில் பாதி, மேசையில் படுக்க வைக்கிற ஒல்லிப் பெட்டிகள். அவற்றில், பெட்டியோடு ஸ்குரூவில் பிடிக்கும் தகடு 12 சென்ரிமீற்றர் உள்ள கார்ட் நிற்காது, 8 சென்ரிமீற்றர் அளவில் கட்டைத் தகடு வேண்டும். நல்ல கார்ட் வாங்கினால் இரண்டு தகடும் அது வரும் அட்டைப் பெட்டிக்குள் இருக்கும். பாவித்த கார்ட் என்றால் இருக்காது. கேட்டு வாங்குங்கள். கட்டைத் தகடு இல்லாமல் கார்டை வெறுமனே செருகிவிட்டு, மேலே பஞ்சு வைத்து அடைத்திருந்த ஒரு பெட்டியையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தரம் அன்ரனாவைத் தொடும்போதும் கார்ட் ஸ்லொட்டுக்குள் ஆடும், வைபை போகும். பஞ்சைக் குறை சொல்ல ஆளில்லை.

காசு மிச்சம் பிடிக்க, எம் டொட் 2 வடிவத்தில் வரும் குட்டி வைபைச் சில்லையும் அதைத் தாங்கும் பலகையையும் தனித்தனியாக வாங்கிப் பூட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்டெல் ஏஎக்ஸ் 200, ஏஎக்ஸ் 210 இரண்டும் அப்படிப் பூட்டினால் வேலை செய்யும். ஏஎக்ஸ் 201, ஏஎக்ஸ் 211 வேலை செய்யாது. பின்னால் சொன்ன இரண்டும் வைபையின் பாதி வேலையை மதர்போட்டில் உள்ள இன்டெல் சிப்பிடமே விட்டுவிடுபவை. அதற்கென்று அமைந்த மதர்போட்டில் மட்டும்தான் அவற்றுக்கு உயிர். இலக்கத்தில் ஒன்று கூடியது என்று புதுசு என நினைத்து வாங்கிவிடுவார்கள்.

கணினியில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறதா? அப்படியானால் ஏஎக்ஸ் 200, 210 இரண்டையும் மறந்துவிடுங்கள், அவற்றுக்கு 64 பிற் விண்டோஸ் 10 ஆவது வேண்டும். லினக்ஸ் பாவிக்கிறவர்கள் இன்டெல் சிப் உள்ள கார்டையே எடுத்தால் தலையிடி குறைவு. அதை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலிலேயே இருக்கிறது. ஏஎக்ஸ் 200க்குக் கேர்னல் 5.1, ஏஎக்ஸ் 210க்கு 5.10 ஆவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எவ்வளவு விலையில் வாங்குவது என்று கேட்பார்கள். யன்னலில் நிற்கும் 4ஜி ரவுட்டருக்குள் வருகிற வேகம்தான் உங்கள் வேகம். அது 15 மெகாபிற் வரும் இடத்தில் 2400 மெகாபிற் என்று அட்டையில் அச்சடித்த கார்ட் வாங்குவது, வரம்பு கட்டாத வயலுக்கு இரணைமடுக் குளத்தையே திறந்துவிட்ட கதை. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைபை அலைவரிசையும் பிடிக்கும் சாதாரணக் கார்ட், வெளியே இரண்டு அன்ரனா. போதும்.

கார்ட் பூட்டிச் சம்பாதிக்கிற நான் இதைச் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். ரவுட்டர் அதே வீட்டுக்குள், ஒரு சுவருக்கு அப்பால் இருந்தால் யூஎஸ்பியில் செருகும் சின்ன வைபை குச்சியே போதும். பெட்டியின் பின்னால் செருகாமல், ஒரு மீற்றர் யூஎஸ்பி நீட்டு வயரில் போட்டு மேசைக்கு மேலே கொண்டுவந்து வையுங்கள்.

பூட்டுதல்

பிளக்கைக் கழற்றுங்கள். கணினியை நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக் சுவரில் இருக்கும் வரை மதர்போட்டில் 5 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். பல போட்டுகளில் அதைக் காட்ட ஒரு குட்டி லைட் எரியும். பிளக்கைக் கழற்றிய பிறகு பவர் பட்டனை ஒரு பத்து விநாடி அமத்திப் பிடியுங்கள், லைட் மங்கி அணையும். அதன் பிறகு கை வையுங்கள்.

பிளக் என்றதும் ஒரு விஷயம். சதுரச் சொக்கற்றின் மேல் ஓட்டைக்குள் பேனையைக் குத்தி, இரண்டு பின் பிளக்கைச் செருகுவது எங்கள் ஊர் வழக்கம். போன் சார்ஜருக்குப் பரவாயில்லை. கணினியை அப்படி ஓட்டினால் எர்த் இல்லாமல் ஓடுகிறது. வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்று பெட்டியைத் தொட்டால் விரலில் விறுவிறு என்று இருக்கும். அது பவர் சப்ளையின் வடிகட்டியில் இருந்து கசிவது. ஆளைக் கொல்லாது, ஆனால் அன்ரனா வயரையோ லான் வயரையோ மாட்டும் நேரத்தில் கார்டை அடிக்கக் கூடும். மூன்று பின் வயர், எர்த் உள்ள சொக்கற். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ரீச்சர் வீட்டில் பெட்டியைத் திறந்ததும் கார்டுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு கட்டி. குளவிக் கூடு! களிமண்ணை உருட்டி உருட்டி, பெருவிரல் பருமனில், ஸ்லொட்டுக்குள்ளேயே இறக்கிக் கட்டியிருந்தது. கார்ட் பூட்டிய பொடியன், ஸ்லொட்டை மூடியிருந்த தகடுகளில் தவறுதலாகப் பக்கத்தில் உள்ளதையும் உடைத்துவிட்டுத் திறந்தபடியே விட்டிருக்கிறான். குளவிக்கு அது வாசல். ரீச்சர் எட்டிப் பார்த்து, "உதுதான் கார்டைக் கொன்றதோ?" என்று கேட்டார். பாவம், அது பக்கத்து ஸ்லொட்டில் குடியிருந்தது. ஈரம் இல்லாத கூட்டைப் பிளாஸ்ரிக் குச்சியால் மெதுவாகத் தட்டி உடைத்து, மண்ணைப் பிறஸால் வெளிப்பக்கமாகத் தள்ளி எடுத்தேன். வாயால் ஊதாதீர்கள், எச்சில் உள்ளே போகும்.

கார்டை எடுக்க முதல் பெட்டியின் பெயின்ற் இல்லாத உலோகத்தை ஒருக்கா தொடுங்கள். எந்த ஸ்லொட்டில் போடப் போகிறீர்களோ அதற்கு நேரான பின்பக்கத் தகட்டை மட்டும் கழற்றுங்கள். சில பெட்டிகளில் ஸ்குரூ இருக்கும், சிலவற்றில் ஆட்டி முறிக்க வேண்டும், அலுவலகப் பெட்டிகளில் ஒரு பிளாஸ்ரிக் பிடியைத் தூக்கினால் போதும். ஸ்குரூ உள்ள தகட்டை எறியாமல் வைத்திருங்கள்.

அன்ரனாக்களைக் கழற்றிவிட்டுத்தான் கார்டைச் செருக வேண்டும். பூட்டிய அன்ரனா பின் ஓட்டைக்குள்ளால் வராது. கார்டை இரண்டு ஓரத்திலும் பிடித்து, பொன்னிற விளிம்பைத் தொடாமல், ஸ்லொட்டுக்கு நேர் மேலே வைத்து, இரண்டு பெருவிரலாலும் ஒரே அளவில் அமத்துங்கள். கடைசியில் ஒரு சின்ன இறுக்கம் தெரியும், அதைத் தாண்டி இறங்கிவிடும். சரியாக இறங்கினால் பொன்னிறக் கோடு வெளியே தெரியாது. ஒரு பக்கம் தெரிந்தால் எடுத்து மறுபடி செருகுங்கள். பிறகு ஸ்குரூ. ஸ்குரூவை இறுக்கும்போது கார்டின் மறுமுனை மேலே எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பினால் பெட்டியின் தகடு நெளிந்திருக்கிறது, குறடால் நிமிர்த்திவிட்டு இறுக்குங்கள். இந்த எழும்பல்தான் "நேற்று வேலை செய்தது, இன்றைக்கு இல்லை" என்ற முறைப்பாட்டின் ஊற்றுக்கண்.

புளூடூத் உள்ள கார்ட் என்றால் கூடவே ஒரு மெல்லிய வயர் வரும். அதன் ஒரு முனை கார்டில், மறுமுனை மதர்போட்டில் 9 ஊசிகள் நிற்கும் யூஎஸ்பி இடத்தில். 10 ஊசிக்கான இடத்தில் ஒன்று இருக்காது, கொனெக்டரிலும் ஓர் ஓட்டை அடைபட்டிருக்கும். இரண்டையும் பொருத்திச் செருகுங்கள், மாறி ஏறாது. இந்த வயரைப் போடாவிட்டால் வைபை வேலை செய்யும், புளூடூத் மட்டும் இருக்காது. கார்ட் பழுது என்று என்னிடம் வந்தவற்றில் இரண்டு இந்த வயர்தான், பெட்டிக்குள் பொலித்தீனோடு கிடந்தது.

அன்ரனா

என் அப்பா ரேடியோ திருத்துகிறவர். 1990களில் வன்னிக்குப் பற்றரி வர விடமாட்டார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, நான் பெடலைக் கையால் சுற்ற, டைனமோ கொடுக்கும் கறண்டில் அப்பா செய்தி கேட்பார். அன்ரனா என்பது வேப்பமரத்துக்கு இழுத்த செப்புக் கம்பி. சத்தம் கரகரத்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ரேடியோவைத் தட்டச் சொல்வார்கள். அப்பா எழும்பிப் போய்க் கம்பியை அடுத்த கொப்புக்கு மாற்றிவிட்டு வருவார். அலைவரிசை வேறு, அலையின் நீளம் வேறு, ஆனால் நான் இன்றைக்குச் செய்கிற வேலை அந்தக் கொப்பு மாற்றும் வேலைதான்.

ரீச்சரின் மேசைக்குக் கீழே பெட்டி. பெட்டியின் பின்பக்கம் கொங்கிறீற் கல்லுச் சுவரை ஒட்டி நாலு விரல்கடை தூரத்தில். இரண்டு அன்ரனாவும் அந்த நாலு விரலுக்குள் மடங்கிக் கிடந்தன. முன்னால் கணினியின் இரும்புப் பெட்டி, அதற்கு அப்பால் இரும்பு அலுமாரி, அலுமாரிக்கு அப்பால்தான் முற்றமும் ரவுட்டரும். அந்த இடத்தில் போனை வைத்து அளந்தால் மைனஸ் 82 டிபிஎம். டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு. இந்த எண்ணில் சைபருக்குக் கிட்டப் போகப் போக நல்லது. மைனஸ் 50 என்றால் அருமை, மைனஸ் 67 வரைக்கும் வீடியோ வகுப்பு தடங்கல் இல்லாமல் ஓடும், மைனஸ் 80 தாண்டினால் இணைப்பு இருக்கும், பிரயோசனம் இருக்காது. ஒவ்வொரு 3 டிபிக்கும் சக்தி பாதியாகிறது என்று நினைவில் வைத்தால் போதும்.

போனைக் கையில் பிடித்தபடி அறை முழுக்க நடந்தேன். முன்வீட்டைப் பார்த்த யன்னல் கட்டில் மைனஸ் 61. அறை அதே அறை, மூன்று மீற்றர்தான் இடைவெளி.

இரும்பும் தகரமும் அலையை மறித்துத் திருப்பிவிடும். தண்ணீர் உறிஞ்சிவிடும், ஆகவே நிறைந்த தண்ணீர்த் தாங்கியும் ஒரு சுவர்தான். கல்லுச் சுவர் கொஞ்சம் விடும், அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸை விடுகிற அளவுக்கு 5 கிகாஹெர்ட்ஸை விடாது. முற்றம் தாண்டிய அறைக்கு 2.4 தான். ஒரே கூரைக்குள் 5.

அன்ரனாவை நிறுத்துவதிலும் ஒரு முறை உண்டு. ஈர்க்கில் கோத்த உழுந்து வடையை நினையுங்கள். ஈர்க்கு அன்ரனா, வடை அதைச் சுற்றிப் பரவும் அலை. ஈர்க்கின் நுனியில் வடை இல்லை. துவக்கு நீட்டுவதுபோல அன்ரனாவின் நுனியை ரவுட்டரை நோக்கி நீட்டுகிறவர்கள், ஒன்றுமில்லாத பக்கத்தைத்தான் அதற்குக் காட்டுகிறார்கள். நேராக நிமிர்த்தி வையுங்கள். ரவுட்டரின் அன்ரனா நிமிர்ந்திருந்தால் இங்கேயும் அப்படியே. இரண்டில் ஒன்றைக் கொஞ்சம் சரித்துப் பார்க்கலாம். இரண்டையும் கட்டாயம் பூட்டுங்கள், ஒன்றை மட்டும் பூட்டினால் வேகம் விழும், சிக்னலும் ஆடும்.

பெட்டியை நகர்த்த முடிந்தால் அதுவே முதல் வைத்தியம். மேசைக்கு மேலே, பின்பக்கம் வெளியைப் பார்க்க. முடியாவிட்டால் காந்த அடியும் ஒரு மீற்றர் வயரும் உள்ள அன்ரனா விற்கிறது, அதை வாங்குங்கள். ஐந்து மீற்றர் வயர் உள்ளது வேண்டாம். இந்த மெல்லிய வயர் ஒவ்வொரு மீற்றருக்கும் சிக்னலைத் தின்னும், ஐந்து மீற்றர் போனால் வைத்த இடத்தின் நன்மை வயரிலேயே முடிந்துவிடும்.

இனி என்னுடைய பிழை. முதல் நாள் கையில் இருந்த காந்த அன்ரனாவைப் பூட்டினேன். மரை வடிவாக ஏறியது. ஆனால் சிக்னல் முந்தியதைவிட மோசம். கார்ட் உண்மையாகவே செத்துவிட்டதோ என்று ஒரு நிமிடம் எனக்கே வந்தது. கழற்றி ரோச் அடித்துப் பார்த்தேன். கார்டின் வாய்க்குள் நடுவில் ஓர் ஊசி. அன்ரனாவின் வாய்க்குள்ளும் நடுவில் ஓர் ஊசி. ஊசியும் ஊசியும் முட்டினால் என்ன வரும்? நான் கொண்டுபோனது 4ஜி ரவுட்டருக்குப் பூட்டுகிற அன்ரனா. அதன் வாய் எஸ்எம்ஏ. வைபை கார்டின் வாய் ஆர்பி எஸ்எம்ஏ. மரை இரண்டுக்கும் ஒன்று, ஊசி மட்டும் மாறி இருக்கும். வைபை அன்ரனாவின் உள்ளே ஊசி இருக்கக் கூடாது, குழிதான் இருக்க வேண்டும். எங்கள் பக்கம் 4ஜி அன்ரனா எல்லாக் கடையிலும் தொங்குகிறது, மலிவு, பார்வைக்கும் வைபை அன்ரனா மாதிரியே இருக்கும். வாங்கும்போது வாய்க்குள் பாருங்கள். மறுநாள் கிளிநொச்சி போய்ச் சரியானதை வாங்கிக்கொண்டு இரண்டாம் தரம் உடையார்கட்டுக்குப் போனேன். பெற்றோல் காசு என் கணக்கில்.

காந்த அன்ரனாவில் குச்சி மட்டும் நிற்கிற வகைக்குக் கீழே ஓர் உலோகத் தகடு இருந்தால் இன்னும் நன்றாக இழுக்கும். யன்னல் கட்டு சீமெந்து. ரீச்சரிடம் வெறும் பிஸ்கட் தகர டின் ஒன்று கேட்டு வாங்கி, கவிழ்த்து வைத்து, அதன் மேல் இரண்டு அன்ரனாவையும் ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தினேன். மைனஸ் 63. அலுமாரி நின்ற இடத்திலேயே நின்றது.

அன்ரனா கொனெக்டரை விரலால் மட்டும் இறுக்குங்கள். குறடு பிடித்தால் கார்டின் வாயே சுழன்று, உள்ளே உள்ள மெல்லிய வயர் முறியும். தனி எம் டொட் 2 சில்லு வைத்த கார்டில் அந்த வயரின் முனை அரிசி அளவான ஒரு பித்தளைப் பொத்தான். அதை அடிக்கடி கழற்றிப் பூட்டக் கூடாது, தளர்ந்துவிடும். மாட்டும்போது நேர் மேலே வைத்து நகத்தால் அமத்த வேண்டும். சரித்து அமத்தினால் நசிந்துபோகும், பிறகு கார்டையே எறிய வேண்டியதுதான்.

டிரைவர்

விண்டோஸ் 10, 11 பெரும்பாலும் தானாகக் கார்டை அடையாளம் காணும். காணாவிட்டால் டிரைவர் வேண்டும், டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்குக் கார்ட் வேண்டும். இந்த வட்டத்தை அறுக்க உங்கள் அன்ட்ரொயிட் போன் போதும். யூஎஸ்பி வயரால் கணினியில் இணைத்து, போனின் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். கணினிக்குப் போனே இணையம் கொடுக்கும். கார்ட் செய்தவரின் தளத்துக்குப் போய், கார்ட் வந்த அட்டைப் பெட்டியில் உள்ள மொடல் இலக்கத்தையும் பதிப்பையும் பார்த்து இறக்குங்கள். ஒரே பெயரில் பதிப்பு 1, பதிப்பு 2 என்று வேறு வேறு சிப் இருக்கும். "எல்லா டிரைவரும் ஒன்றில்" என்று வருகிற மென்பொருள்களைத் தொட வேண்டாம், அவற்றோடு வருகிற குப்பையை அள்ள இன்னொரு நாள் போகும்.

வேலை செய்யாவிட்டால்

விண்டோஸ் கீயையும் எக்ஸையும் ஒன்றாக அமத்தி, டிவைஸ் மனேஜரைத் திறவுங்கள். நெட்வேர்க் அடப்டர்கள் என்ற பகுதியில் கார்டின் பெயரே இல்லையா? அப்படியானால் மென்பொருளைக் கிண்டாதீர்கள். பிளக்கைக் கழற்றி, கார்டை எடுத்து, பொன்னிற விளிம்பைத் துணியால் துடைத்து, மறுபடி செருகுங்கள், அல்லது வேறு ஸ்லொட்டில் போடுங்கள். சில மதர்போட்டுகளில், கோப்புகளைச் சேமிக்கும் எம் டொட் 2 எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால் ஒரு ஸ்லொட் தானாக நின்றுவிடும். மதர்போட்டின் கைநூலில் அது இருக்கும்.

பெயர் இருக்கிறது, மஞ்சள் முக்கோணமும் இருக்கிறது என்றால் டிரைவர். பெயரில் வலச்சொடுக்கி, அகற்றி, கணினியை முழுதாக நிறுத்தி, பிளக்கையும் கழற்றி அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். விண்டோஸில் சாதாரணமாக நிறுத்துவது பாதித் தூக்கம்தான், கார்ட் பழைய குழப்பத்திலேயே எழும்பும். பிளக்கைக் கழற்றினால்தான் அது உண்மையாகத் தூங்கும்.

எல்லாம் சரி, பக்கத்து வீட்டு வைபை தெரிகிறது, சொந்த ரவுட்டர் மட்டும் தெரியவில்லை. இது சனல் விளையாட்டு. சனல் என்பது ரவுட்டர் பேசும் அலைப்பாதையின் இலக்கம். ரவுட்டர் தானாகச் சனல் 12 அல்லது 13க்குப் போயிருக்கும். அமெரிக்க அமைப்பில் வரும் கார்டுகள் சில 11க்கு மேலே பார்ப்பதில்லை. ரவுட்டரில் சனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றில் நிறுத்துங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றோடொன்று முட்டாதவை.

வைபை இணைகிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை, சான்றிதழ் பிழை என்று ஏதோ ஆங்கிலத்தில் சொல்கிறது. கணினியின் மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள். பாவித்த கணினிகளில் மதர்போட்டின் வட்டப் பற்றரி, சிஆர் 2032, 3 வோல்ட், செத்திருக்கும். கறண்ட் போய் வந்தால் கணினி பத்துப் பதினைந்து வருடம் பின்னுக்குப் போய்விடும். அன்றைய திகதியில் இன்றைய இணையத்தளத்தின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, ஆகவே பிரவுசர் நம்பாது. பற்றரி மாற்றித் திகதியைத் திருத்தினால் முடிந்தது. இதற்காக விண்டோஸையே புதிதாகப் போட்டுக் காசு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் உங்களுக்கு முகவரி தரவில்லை. ரவுட்டரை அணைத்துப் போடுங்கள், கடவுச்சொல்லை அழித்து மறுபடி கொடுங்கள். போனிலும் இணையம் இல்லையென்றால் டேட்டா முடிந்துவிட்டதா என்று பாருங்கள், கார்டைத் திட்ட முதல்.

கொஞ்ச நேரம் ஓடி அறுகிறது என்பதற்கு என் அனுபவத்தில் இரண்டு காரணம். ஒன்று, கறண்ட் மிச்சம் பிடிக்க விண்டோஸ் கார்டை அணைப்பது. டிவைஸ் மனேஜரில் கார்டின் பண்புகளுக்குள் பவர் மனேஜ்மென்ற் பக்கத்தில் முதல் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். மற்றது யூஎஸ்பி 3. நீல வாயில் செருகும் வெளி ஹார்ட் டிஸ்கும் அதன் வயரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமே இரைச்சலைக் கக்கும். இன்டெல் 2012 இல் இதை அளந்தே வெளியிட்டிருக்கிறது. படம் கொப்பி பண்ணும்போது மட்டும் வைபை அறுந்தால் இதுதான். டிஸ்கை அன்ரனாவில் இருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

கடைசியாக அந்தத் திறந்த ஸ்லொட் ஓட்டை. ரீச்சர் வீட்டில் உடைந்த தகடு கிடைக்கவில்லை. குளிர்பானத் தகரப் பேணியை வெட்டி, ஓரத்தை மடித்து, ஸ்குரூவில் பிடித்துவிட்டேன். குளவியும் பல்லியும் இனி வேறு வீடு பார்க்க வேண்டும்.

தைப்பொங்கல் முடிந்த கிழமை ரீச்சர் மறுபடி அழைத்தார். "தம்பி, கார்ட் திரும்பச் செத்துப்போச்சு."

"பொங்கலுக்கு வீடு வெள்ளையடிச்சனீங்களோ, ரீச்சர்?"

"ஓம், எல்லாம் இழுத்துப்போட்டு வடிவாய் அடிச்சது."

"பிஸ்கட் டின் இப்ப எங்கை நிக்குது?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. செருப்புச் சத்தம், பிறகு தகரம் உரசுகிற சத்தம்.

"அலுமாரிக்குப் பின்னாலை கிடக்குது. நீங்கள் வர வேண்டாம், தம்பி."